அந்த இடது காலும் ஜனவரி 9 சாம்பிளும்

தம்பி,

நீ அனுப்பிய பதினொரு நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை சண்டைக்காக, இரண்டாவது தடவை உனக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று பார்க்க. பிடித்திருக்கிறது. மிளகு ரசம் வைத்துக் குடி, போன மாதம் அனுப்பிய பொடி இன்னும் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015-இல் கூண்டுச் சண்டையில் ஆண்டர்சன் சில்வா நிக் டியாஸை ஜெயித்தது ஜெயித்ததுதான், மருந்து டெஸ்டில் மாட்டினார் என்று நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அதை நோ கான்டெஸ்ட், அதாவது முடிவே இல்லாத சண்டை, என்று மாற்றியது அநியாயம் என்கிறாய். அப்பா வழக்கம்போல உன் கட்சி. இந்த வீட்டில் எதிர்க்கட்சி நான் ஒருத்திதான், அதனால் நிதானமாக எழுதியே பதில் சொல்கிறேன், பேசினால் நடுவில் புகுந்துவிடுவாய்.

2013 டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? லாஸ் வேகாஸில் சனி ராத்திரி, நமக்கு ஞாயிறு காலை. நான் ஹாலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், டிவியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது ரவுண்டில் சில்வா இடது காலை வீச, எதிரில் நின்ற வைட்மன் முழங்காலை உயர்த்தித் தடுக்க, நீ போட்ட சத்தத்தில் நிமிர்ந்தால் அந்தக் கால் ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. கீழ்க்காலில் இருக்கும் இரண்டு எலும்பும் போய்விட்டது. அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாசம் மழைச் சேற்றில் ஸ்கூட்டி சறுக்கி எனக்கும் அதே இரண்டு எலும்பு, அதே இடது கால். அவருக்கு வைத்த மாதிரியே எனக்கும் உள்ளே ராடு. வாக்கரை விட்டுவிட்டு நம் வாசல் படியில் இடது காலை முதலில் வைக்க எனக்கு எத்தனை வாரம் ஆனது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது ஹாஸ்டலில். வலி கூடப் பரவாயில்லை, அந்தக் காலை நம்ப முடியவில்லை, அதுதான். உடைந்து பதிமூன்று மாசத்தில், முப்பத்தொன்பது வயசில், அந்த மனுஷன் மறுபடியும் கூண்டுக்குள் வருகிறான் என்றதும் அன்றைக்கு நான் வெங்காயத்தைத் தொடவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் டியாஸ் தரையில் படுத்துக் கேலி பண்ணுவதைப் பார்த்துச் சிரித்தீர்கள். என் கண் அஞ்சு ரவுண்டும் அந்த இடது காலில்தான். முடிந்ததும் அவர் விழுந்து அழுதாரே, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அதனால்தான் பிப்ரவரி 3 அன்று வந்த செய்தி எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை ஜனவரி 31. சாம்பிள் எடுத்தது ஜனவரி 9. சில்வாவின் சாம்பிளில் இருந்தது ட்ரோஸ்டனலோன், தடைசெய்த ஸ்டீராய்டு. முப்பது வருஷம் லேபில் உட்கார்ந்து மற்றவர்கள் மூத்திரத்துக்கு நம்பர் ஒட்டியவள் நான், முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். 9-ஆம் தேதி எடுத்த சாம்பிளின் ரிசல்ட் கையில் வராமலே 31-ஆம் தேதி சண்டையை நடத்தியிருக்கிறார்கள். அறுபது லட்சம் செலவழித்து ஆபரேஷன் பண்ணும் பெரிய ஆளாக இருந்தாலும் சரி, பிளட் ரிப்போர்ட் வராமல் தியேட்டருக்குள் தள்ள மாட்டோம். இந்த இடத்தில் ஆணையத்தை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஜனவரி 19-இல் எடுத்த சாம்பிள் சுத்தமாக இருந்ததே என்றாய். தம்பி, எங்கள் லேபுக்கு வரும் சர்க்கரைக்காரர்களைக் கேள். முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டி ஃபாஸ்டிங்கில் நார்மல் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள், ஹெச்பிஏ1சி போட்டால் மூன்று மாசக் கதை வெளியே வந்துவிடும். நடுவில் ஒன்று சுத்தம் என்றால் முன்னேயும் பின்னேயும் இருப்பது பொய்யாகிவிடுமா? சண்டை நடந்த ராத்திரி எடுத்ததிலும் அதே ட்ரோஸ்டனலோன் இருந்தது, கூடவே பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடுகிற மாத்திரை வேறு. ஆகஸ்டில் விசாரணைக்கு வந்து, தாய்லாந்திலிருந்து நண்பர் கொண்டுவந்த ஒரு குப்பி மருந்தால் வந்த வினை என்றார். என்ன மருந்து என்று மகனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, உனக்கே தெரியும். ஆணையம் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஒரு வருஷத் தடை, 3,80,000 டாலர் அபராதம்.

நீ சொன்னதில் கனமானது ஒன்றுதான். மருந்து யாருக்கும் சண்டை கற்றுக்கொடுக்காது, மூன்று நடுவர்களும் அவருக்குத்தானே கொடுத்தார்கள், இரண்டு பேர் அஞ்சு ரவுண்டும் அவருக்கே என்று 50-45 போட்டார்களே என்றாய். ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கை வித்தை அவருடையது. 2006-இலிருந்து 2012 வரை, இந்தச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தில், தொடர்ந்து பதினாறு சண்டையில் ஜெயித்தவரிடம் போய் வித்தை இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் அன்றைக்கு நாம் கைதட்டியது வித்தைக்கா? உடைந்த உடம்பு எழுந்து வந்ததற்குத்தானே. எலும்பை மருந்து ஒட்டவைத்தது என்று நான் சொல்லவில்லை, அது ராடும் டாக்டரும் பார்த்துக்கொண்ட வேலை. திரும்பி வருவதற்கான பயிற்சியைத் தாங்கியதில் உடம்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. நாற்பது படி ஏறிவிட்டு அன்றைக்கெல்லாம் காலைத் தலையணையில் தூக்கிவைத்துப் படுத்திருந்த எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

நோ கான்டெஸ்ட் என்றால் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை, அதை நீயும் அப்பாவும் கலந்து கட்டுகிறீர்கள். ரத்தம் ஹீமோலைஸ் ஆகி, அதாவது சிவப்பணு உடைந்துபோனால் நாங்கள் அதிகம், குறைவு என்று எதுவும் எழுத மாட்டோம், சாம்பிள் ரிஜெக்டட் என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். நோயாளிக்கு வியாதி இல்லை என்றோ இருக்கிறது என்றோ அதற்குப் பொருள் இல்லை, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று பொருள். அந்தச் சண்டைக்கு இதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

2017-இல் சில்வா மறுபடியும் மாட்டினார், அப்போது கலப்படமான சப்ளிமென்ட்தான் காரணம் என்று பரிசோதித்த அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூசாடாவே ஏற்றுக்கொண்டது. அதை நானும் ஏற்கிறேன். பார், எனக்கு அவர்மேல் விரோதம் ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் டியாஸ் விஷயத்தில்தான், அதை உன் பதினொரு நிமிஷத்தில் ஒரு வார்த்தைகூட நீ சொல்லவில்லை. அன்றைக்கு ஒரே ராத்திரி அவரிடம் மூன்று சாம்பிள். கஞ்சாவுக்கு அனுமதித்த அளவு 150. ஒரு லேபில் கொடுத்த இரண்டும் அதற்குள், நடுவில் வேறொரு லேபுக்குப் போனது மட்டும் 733. சில மணி நேரத்துக்குள் இப்படி ஏறி இறங்கினால் நாங்கள் முதலில் மெஷினைச் சந்தேகப்படுவோம், அப்புறம் லேபிளை, அப்புறம்தான் ஆளை. இவர்கள் நேராக ஆளுக்கு அஞ்சு வருஷம் போட்டார்கள்! பெரிய கூச்சல் கிளம்பி, 2016 ஜனவரியில் பதினெட்டு மாசமாகக் குறைத்தார்கள். ஸ்டீராய்டுக்கு ஒரு வருஷம், கஞ்சாவுக்கு அஞ்சு வருஷம். இதை அநியாயம் என்று சொல், உன் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன்.

அப்புறம் அந்த வைட்மன். 2021 ஏப்ரலில் அவர் வீசிய முதல் உதையிலேயே அவர் காலும் அதே மாதிரி முறிந்ததே, எதிரில் இருந்தது சில்வாவின் கடைசி யுஎஃப்சி சண்டையில் அவரை வீழ்த்திய யூரையா ஹால். அப்பா அதைப் பார்த்துவிட்டு கர்மா என்றார். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

என் ராடு அப்படியே உள்ளேதான் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்கு மட்டும் ஞாபகப்படுத்தும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பன்னிரண்டு மணிக்கு மேல், குழம்பு இறக்கியிருப்பேன். சண்டை பற்றிப் பேசுவதானால் அப்பாவை ஸ்பீக்கரில் போடாதே.

அம்மா