செல் எப்போது பிரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் வந்த செல் பிரிதல் வினா-விடையைப் படித்தேன். புரோபேஸ், மெட்டாபேஸ் என்று பிரிதலின் கட்டங்களைக் காட்டும் படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் 'இப்போது பிரியலாம்' என்று செல் எப்படி முடிவெடுக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பிள்ளைகள் கேட்பது அதைத்தான். வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் என்ற சாயத்தில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடுகாட்டி, கவர் ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் பெரும்பாலான செல்கள் சும்மாதான் இருக்கும். சிலவற்றில் மட்டும் குரோமோசோம்கள் கம்பி கம்பியாகத் தெரியும். "பக்கத்துச் செல் ஏன் டீச்சர் பிரியலை?" என்பார்கள்.

1982-ல் டிம் ஹன்ட் என்ற உயிரியலாளர், கடல் முள்ளெலி முட்டைகளில் ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒவ்வொரு பிரிதலின்போதும் சட்டென்று காணாமல் போவதைக் கண்டார். அதுதான் சைக்ளின். சிடிகே-1 என்ற நொதியோடு அது சேர்ந்தால்தான் பிரிதல் நடக்கும். சரி, சைக்ளின் மெல்ல ஏறும்போது பிரிதல் மட்டும் ஏன் ஒரேயடியாகத் தொடங்குகிறது? வீ-1 என்ற நொதி சிடிகே-1-ஐப் பூட்டி வைக்கிறது; சிடிசி-25 என்ற இன்னொரு நொதி அந்தப் பூட்டைத் திறக்கிறது. கொஞ்சம் விழித்துக்கொண்ட சிடிகே-1, வீ-1-ஐ அடக்கிவிட்டு சிடிசி-25-ஐ முடுக்கிவிடும். அப்புறம் ஓட்டம்தான்.

1993-ல் பேலா நோவாக், ஜான் டைசன் என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். பிரிதலுக்குள் நுழையத் தேவையான சைக்ளின் அளவு, அதில் நீடிக்கத் தேவையானதைவிட அதிகமாக இருக்கும் என்று கணக்கு சொன்னது. வீட்டு மேல்தொட்டியின் ஆட்டோமேட்டிக் மோட்டார் ஓடத் தொடங்கும் மட்டம் வேறு, நிற்கும் மட்டம் வேறு அல்லவா? அதைப்போல. அதனால்தான் சைக்ளின் சற்றுக் குறைந்தாலும் செல் பாதியில் திரும்புவதில்லை. 2003-ல் தவளை முட்டைச் சாற்றில் சோதித்தபோது அப்படியே இருந்தது. கணக்குக்குப் பயந்து பயாலஜி எடுக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இது!

பிரிதலை முடித்து வெளியேறும் வாசலிலும் காவல் உண்டு; சைக்ளின் அழிந்தால்தான் வெளியேற முடியும். ஒரே ஒரு குரோமோசோம், தன்னை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழையோடு சரியாகப் பிணையாமல் நின்றாலும் போதும், சைக்ளினை அழிக்கும் வேலை தள்ளிப்போகும்.

அடுத்த இணைப்பில் சைக்ளின் ஏறி இறங்கும் வரைபடம் ஒன்றையாவது போடுங்கள். இடமில்லை என்றால் நீட் மாதிரி வினாத்தாளை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள், பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

– ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை, கும்பகோணம்