சுண்ணாம்பு தடவாத கலயம்

லியோன், பிரான்ஸ்
செப்டம்பர் கடைசி

அன்புள்ள மாப்ள,

கவாத்து முடிந்ததா? உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. இந்த வருஷமும் லீவு போட்டுவிட்டு, போஜொலே பக்கம் மோர்கோனில் திராட்சை பறிக்கப் போயிருந்தேன். கம்பத்தில் பந்தலுக்கடியில் அண்ணாந்தே கழுத்து போகும். இங்கே செடி முழங்கால் உயரம்தான், இடுப்பு போய்விட்டது. நம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் காய்க்கும் என்றால் தோட்டத்துக்காரர் நம்ப மாட்டேன் என்கிறார்.

அவர் ஒயினில் எதையும் சேர்க்காத கட்சி. கடை ஈஸ்ட் இல்லை, சர்க்கரை இல்லை, வடிகட்டுவதும் இல்லை. ஜூல் ஷோவே என்ற ஒயின் வியாபாரி, வேதியியல் தெரிந்தவர், சொல்லிக்கொடுத்த வழி இது. அதை 1980களில் மோர்கோனில் செய்து காட்டியவர் மார்செல் லாப்பியேர்.

பெரிய சண்டையே கந்தகத்தைப் பற்றித்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் இல்லையா? இங்கே கந்தகம் ஏறக்குறைய அந்தச் சுண்ணாம்பு. வேண்டாத கிருமியை அடக்கி வைக்கும். சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை ஐரோப்பியச் சட்டம் விடுகிறது. 2020இல் பிரான்சில் வந்த இயற்கை முறை ஒயின் முத்திரைக்கு 30தான் உச்சம். இவர் அதுவும் போடுவதில்லை.

சும்மா விட்டுவிடுவதுதானே, இதில் என்ன வேலை என்று முதல் வருஷம் நினைத்தேன். ஒரு கொத்தில் நாலு பழம் அழுகியிருந்தால், அதைக் கத்தரித்து எடுத்த பிறகுதான் கூடையில் போட வேண்டும். ஒன்று தப்பினாலும் மனுஷர் திட்டுகிறார். கொத்துகளை நசுக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் நசுங்கியது புளித்து, கரியமில வாயு தொட்டியை நிரப்பும். காற்றில்லாத அந்த இடத்தில் முழுப் பழம் ஈஸ்ட்டே இல்லாமல் தனக்குள் கொஞ்சம் சாராயமாகிறது. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், நாக்கில் சுருக்கென்றது.

எல்லாம் நன்றாக வரும் என்று எண்ணாதே. போன வருஷம் ஒரு பீப்பாய் கெட்டுப்போச்சு. வாயில் வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகுதான் எலிப்பொந்து வாடை கிளம்பியது. இவர்களும் அதை எலிச் சுவை என்றுதான் சொல்கிறார்கள். ஒயினின் புளிப்பு அமுக்கி வைத்திருப்பதை எச்சில் கிளப்பிவிடுகிறது. பீப்பாயை அவர் கவிழ்த்துவிட்டார். இதையே இயற்கை மணம் என்று விற்கிற ஆட்களும் உண்டு, அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் உனக்கென்று ஒரு விஷயம். ரசாயனம் தொடாத தோட்டம் என்று பெயர், ஆனால் அடிச்சாம்பல் நோய்க்கு இவரும் அடிப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். நம் போர்டோ கலவையேதான்! அது இந்த நாட்டு ஊரின் பெயர் என்பதே எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது. நோய் அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்தை 1885இல் போர்டோவில் மில்லார்தே என்ற பேராசிரியர் அறிவித்தார். ஆனால் மயில்துத்தத்தில் இருக்கிற செம்பு மண்ணைவிட்டுப் போகாது. அதனால் ஏழு ஆண்டில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்று சட்டம். இவர் ஒவ்வொரு தெளிப்பையும் நோட்டில் எழுதுகிறார்.

நீ எழுதி வைக்கிறாயா? இந்தப் போகத்துக்கு எத்தனை கிலோ மயில்துத்தம் வாங்கினாய் என்று ரசீதைப் பார்த்துச் சொல். அவர் கேட்டார். நான் ஒரு குத்துமதிப்புச் சொல்லிவிட்டு, அதை நினைத்து இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். தைக்கு வருகிறேன்.

உன் மாப்ள