அது அரபுக் காசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் 'அரபு நாணயம்' என்று படம் போட்டிருந்த மெல்லிய செம்புக்காசு ஹங்கேரியைச் சேர்ந்தது. அந்நாட்டு அரசர் மூன்றாம் பேலா (1172–1196) காலத்தது என்பதே நாணயவியலில் பெரும்பாலும் ஏற்கப்படும் கணிப்பு.

அரபு தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அது போதாது. கூஃபி என்னும் பழைய அரபு எழுத்து வடிவத்துக்குப் புள்ளி கிடையாது; அசல் காசைக்கூடக் காத்தான்குடியில் நன்றாக ஓதுபவரும் தடுமாறித்தான் வாசிப்பார். உருப்பெருக்கியில் பார்க்க வேண்டியது, ஒரே கோடும் வளைவும் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை. இந்தக் காசு பார்த்துப் பின்பற்றிய மேற்கு இஸ்லாமியத் தங்க தீனாரில் கலிமாவும் (இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்) ஆண்டும் இருக்கும். இதில் ஒன்றுமில்லை. அச்சு வெட்டியவருக்கு அந்த எழுத்து வெறும் கோலம்.

பேலாவின் இன்னொரு செம்புக்காசு லத்தீனில் தெளிவாகப் பேசும்: ஒரு பக்கம் 'ரெக்ஸ் பேலா' (அரசர் பேலா), 'ரெக்ஸ் சாங்க்டுஸ்' (புனித அரசர்) என அமர்ந்த இரு அரசர்கள், மறுபக்கம் மரியாள். அமைப்பு பைசாந்தியம். பேலா பைசாந்தியத் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளின் அரண்மனையில் அலெக்சியோஸ் என்ற பெயரில் வளர்ந்தவர் அல்லவா! அதே ஆண்டுகளில் பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் இராசராசன் காசின் நின்ற உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்துக்கொண்டு, நாகரி எழுத்தில் பெயரை மட்டும் மாற்றினார்கள். பழகிய வடிவத்தைத்தான் சந்தை நம்பும்.

காசைத் துலக்கப் புளியும் தேசிக்காயும் தேய்க்கச் சொன்ன உங்கள் குறிப்பை, தயவுசெய்து, மறுத்து வெளியிடுங்கள். இவ்வளவு ஆழமில்லாத அச்சில் விவரம் தங்கியிருப்பதே மேற்படலத்தில். புளிப்பு முதலில் அதைத்தான் கரைக்கும். வாவிக்கரை மண்ணில் கிடைத்த ஒல்லாந்தர் காசென்றால் உப்பும் உள்ளே ஊறியிருக்கும். வெளிறிய பச்சைத் தூள் பல்லுக்குச்சியால் தொட்டதும் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அரிப்பு நடக்கிறது என்று பொருள். கடினமான கரும்பச்சையைத் தொடவே வேண்டாம்.

உப்பைக் குறைக்க, அசிட் சேராத பற்றரித் தண்ணீரில் ஊறவைத்து, கிழமைக்கொரு தடவை மாற்றுங்கள். முற்றாகக் குணமாகாது, வேகம் தணியும். பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மாரி மழைக்காலத்தில் அந்தப் பையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மென்மையான பீவீசீ பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம். அதிலிருந்து கசிவதும் செம்பைப் பச்சையாக்கும்.

வாசகர், கல்லடி, மட்டக்களப்பு