எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திடீர் மூச்சுத்திணறலோடு வருபவரின் மார்பு எக்ஸ்ரே இயல்பாக இருப்பதைக் கண்டு, நுரையீரலில் கோளாறு ஏதுமில்லை என்று நிம்மதியடைவது ஆபத்தானது. ஏனெனில், பெரும்பாலும் கால் சிரைகளில் உருவாகும் இரத்தக்கட்டி நகர்ந்து சென்று நுரையீரல் தமனியை அடைப்பதை அந்தப் படம் நேரடியாகக் காட்டாது. 1938இல் வெஸ்டர்மார்க், 1940இல் ஹாம்ப்டன் ஆகிய மருத்துவர்கள் விவரித்த, இந்த அடைப்பைச் சுட்டும் எக்ஸ்ரே அடையாளங்கள் நோயாளிகள் சிலரிடம் மட்டுமே தென்படுகின்றன. நிமோனியா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்தல் போன்ற வேறு காரணங்களைக் கண்டறியவே எக்ஸ்ரே முதன்மையாக உதவுகிறது. அந்த உதவி சிறியதல்ல. ஆனால், கடுமையான மூச்சுத்திணறலும் குறையற்ற எக்ஸ்ரேயும் ஒருசேர அமைந்தால், அதுவே இரத்தக்கட்டியைச் சந்தேகிக்க வலுவான காரணம் என்பேன். இரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் பிரசவித்த தாய்மார்களும் அந்த விவரத்தை மருத்துவர் கேட்குமுன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவையா என்று அவர் முடிவுசெய்ய அது பெரிதும் உதவும்.