நைடார்ஃப் ஊர் அல்ல, ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறையில் சலூன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே உங்கள் பேப்பர் எங்கள் கடை பெஞ்சில் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு மலையாளப் பேப்பரும் கிடக்கும். காத்திருப்பவர்கள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அன்றன்றைக்கு முழுசாகப் படிக்க நேரம் இருக்காது. வாரக் கடைசியில் பழைய பேப்பரை, சவர நுரை துடைப்பதற்காகச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்குவேன். அப்போதுதான் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த செய்தியெல்லாம் கண்ணில் படும்.

போன வாரம் அப்படி வெட்டும்போது உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செஸ் துணுக்கு அகப்பட்டது. சிசிலியன் தடுப்பாட்டம் என்று கறுப்புக் காய்க்காரர் ஆட்டத்தைத் தொடங்குகிற முறை ஒன்று உண்டு, அதில் ஒரு வகை, போலந்து நாட்டில் நஜ்டார்ஃப் என்ற ஊரில் தோன்றியதால் அந்தப் பெயர் வந்தது என்று போட்டிருந்தீர்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஐயா, அது ஊர் இல்லை, ஆள். மிகேல் நைடார்ஃப் என்ற செஸ் ஆட்டக்காரர், யூதர். நஜ்டார்ஃப் என்று நீங்கள் எழுதியது இவர் பெயரைத்தான். 1910-ல் வார்சாவுக்குப் பக்கத்தில் பிறந்தார், 1997-ல் ஸ்பெயினில் மலாகா என்ற ஊரில் இறந்தார். நடுவில் 58 வருஷம் அர்ஜென்டினாவில் இருந்தார். எழுதியவர் மேல் பெரிய குற்றமும் சொல்ல முடியாது. டார்ஃப் என்றால் ஜெர்மன் மொழியில் கிராமம். அங்கத்து யூதர்கள் பேசிய யித்திஷிலும் அப்படித்தான், ‘நை’ என்றால் புது. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் புதூர். புதூர் என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதரை நீங்கள் புதூராகவே ஆக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சலூன்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பெஞ்சில் பேப்பரோடு ஒரு செஸ் போர்டும் கிடக்கிறது. திருச்சூர் ஜில்லா மரோட்டிச்சால் மாதிரி ஊரே ஆடுகிற ஊர் இல்லை எங்களுடையது. ஆறேழு பேர்தான், ஆனால் தினமும் சண்டை உண்டு. தேங்காய்க் குத்தகை எடுக்கிற தமிழ்க்காரர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிற மலையாளச் சேட்டன் ஒருவர். தமிழ்க்காரருக்கு மந்திரி என்றால் குறுக்கே போகிற காய், சேட்டனுக்கு மந்திரி என்றால் ராணி. மூலையில் நிற்பது நமக்கு யானை, அவருக்குத் தேர். அவருடைய ஆனையோ நம்முடைய மந்திரி. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் “மந்திரியை வெட்டு” என்று யோசனை சொல்லப்போக, சேட்டன் ராணியைத் தூக்கிவிட்டார். போர்டு கவிழ்ந்தது, பாதி சவரத்தோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சமாதானம் செய்தார். ஆனால் “நஜ்டார்ப் ஆடறான் பாரு” என்று யார் சொன்னாலும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் புரியும். எங்கள் பெஞ்சுக்கு அது ஒன்றுதான் பொதுவான சொல்.

ஆட்டம் இதுதான். ஐந்தாவது நகர்வில் கறுப்பு, ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளும். பார்த்தால் வேலை இல்லாதவன் செய்த வேலை போல இருக்கும். ஆனால் வெள்ளைக் குதிரையும் மந்திரியும் (தமிழ் மந்திரி) வந்து உட்காரப் பார்க்கிற பி5 கட்டம் அதோடு அடைபட்டுப் போகும். பிற்பாடு பக்கத்துச் சிப்பாயை முன்னேற்றவும் வழி கிடைக்கும். நைடார்ஃப் இதை விடாமல் ஆடி ஆடி அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. உலக சாம்பியன்கள் பாபி ஃபிஷரும் காஸ்பரோவும் இதை ஆயுதமாகவே வைத்திருந்தார்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மீனாட்சிபுரம் ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஞாயிற்றுக்கிழமை முகச்சவரத்துக்கு வருவார். அந்த ஆளின் கதையைச் சொன்னவரும் அவர்தான். அப்புறம் என் மகள் செல்போனில் தேடிப் பல ராத்திரி படித்துக் காட்டினாள்.

1939 ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸில் செஸ் ஒலிம்பியாட். போலந்து அணியில் முதல் போர்டு தார்தகோவர், இரண்டாவது நைடார்ஃப். பாதிப் போட்டியில், செப்டம்பர் 1 அன்று, ஹிட்லர் படை போலந்துக்குள் புகுந்தது. இங்கிலாந்து அணி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஜெர்மனிக்கும் போலந்துக்கும் ஆட வேண்டிய முறை வந்தபோது ஒருவரும் காயைத் தொடவில்லை, ஆளுக்கு இரண்டு புள்ளி என்று எழுதி முடித்தார்கள். கடைசியில் ஜெர்மனி முதலிடம், அரைப் புள்ளி குறைவில் போலந்து இரண்டாமிடம். அந்த நேரம் போலந்து என்ற நாடு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

தார்தகோவர் ஐரோப்பாவுக்கே திரும்பி, விடுதலைப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். அதே ஊரில் அப்போதே பெண்கள் உலகப் பட்டத்தை ஜெயித்த வேரா மென்சிக் லண்டனுக்குத் திரும்பினார். 1944-ல் ஜெர்மன் குண்டு வீட்டின் மேல் விழுந்து போய்ச் சேர்ந்தார். நைடார்ஃப் திரும்பவில்லை. மனைவி, குழந்தை, தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் போலந்தில்.

இந்த இடத்தில் எங்கள் பெஞ்சில் ஒருவர் “பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு அவன் மட்டும் தப்பிச்சுட்டானா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கிருதா ஒரு பக்கம் ஏறிவிட்டது. அவர் தப்பித்து ஓடவில்லை ஐயா. ஆடப் போன இடத்தில் இருந்தார், முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டுவிட்டது.

கோபம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. என் அண்ணன் 1988-லிருந்து குவைத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தார். 1990 ஆகஸ்ட் 2-ல் இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது, கடிதம் நின்றுபோயிற்று. அம்மா ரேடியோவைச் சமையல்கட்டிலிருந்து திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார், தமிழ்ச் செய்தி, மலையாளச் செய்தி எதையும் விடவில்லை. அப்போதும் கடையில் பேப்பர் வெட்டுவது என் வேலைதான். பம்பாய் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் படம் வரும். கட்டம் கட்டமாகத் தெரிகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்த பிறகுதான் வெட்டுவேன். அண்ணன் இராக் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் போய், கூடாரத்தில் கிடந்து, அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறி வந்தார். ஏறத்தாழ 1,70,000 பேரை அப்படிக் கொண்டுவந்தார்களாம். ஒலவக்கோடு ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “எடுடா” என்று தாடையைக் காட்டினார். ஒன்றரை மாதத் தாடி. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சவரம் செய்தேன். கத்தி இரண்டு இடத்தில் பட்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நைடார்ஃப் என்ன செய்தார் தெரியுமா? 1943-ல் அர்ஜென்டினாவில் ரொசாரியோ என்ற ஊரில், போர்டைப் பார்க்காமல் ஒரே சமயத்தில் 40 பேரோடு ஆடினார். 1947-ல் பிரேசிலில் சாவோ பாவுலோவில் 45 பேர். 45 போர்டு என்றால் 1,440 காய். யாருடைய போர்டில் எது எங்கே நிற்கிறது என்று அத்தனையும் மனசுக்குள். ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆடி 39 ஜெயித்து, 4 சமன் செய்து, 2 தோற்றார். 2011-ல் ஒரு ஜெர்மன்காரர் 46 போர்டு ஆடும்வரை அதை யாரும் மிஞ்சவில்லை. புகழுக்காகச் செய்தது இல்லை அது. இப்படி ஒரு வித்தை காட்டினால் உலகத்துப் பேப்பர்களில் பெயர் வரும், போலந்திலோ ஜெர்மனியிலோ ருஷ்யாவிலோ உயிரோடு இருக்கிற சொந்தக்காரன் யாராவது படிப்பான், நாம் உயிரோடிருப்பது தெரியவரும் என்று செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பேப்பரில் வந்தது. யாரும் பதில் போடவில்லை. பதில் போட வீட்டார் ஒருவரும் மிஞ்சவில்லை, ஹிட்லர் ஆட்களின் முகாம்களிலும் யூதர்களை அடைத்துவைத்த சேரிச் சுவர்களுக்குள்ளும் அவர்களைக் கொன்றுபோட்டிருந்தார்கள்.

மற்றதெல்லாம் சுருக்கம். அர்ஜென்டினா குடியுரிமை வாங்கினார், அங்கே எட்டுத் தடவை தேசிய சாம்பியன், 1950-ல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர், இன்ஷூரன்ஸ் தொழிலில் பணக்காரர். மறுபடி கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். 1970-ல் பெல்கிரேடில், அறுபது வயதில், முன்னாள் உலக சாம்பியன் தாலோடு நாலு ஆட்டம் ஆடி 2-2 என்று சமன் செய்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதராம். அத்தனை பேரை இழந்த பிறகும் அப்படிச் சிரிக்க அவரால் எப்படி முடிந்தது என்று என் அண்ணனைக் கேட்டேன். அவர் 1992-லேயே திரும்ப வளைகுடாவுக்குப் போனவர், இப்போதும் ஷார்ஜாவில்தான். “அவனவன் பாடு” என்றார், போனை வைத்துவிட்டார்.

ஆகவே ஒரு திருத்தம் போடுங்கள். கட்டம் கட்டி ஒன்றரை அங்குலம் போதும். அந்த மனுஷன் பேப்பரில் தன் பெயர் வரவேண்டும் என்று ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து ஆடிய ஆள், அதை ஊர்ப் பெயராகப் போட்டுவிட்டு விடலாமா? உங்கள் துணுக்கு வந்த சதுரத்தை நுரை துடைக்க மனம் வராமல் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். திருத்தம் வந்தால் அதன் மேல் ஒட்டிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எங்களுக்கு லீவு, பேப்பர் ஷட்டருக்கு வெளியே கிடந்து நனைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு சலூன் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.