வான்கூவரில் குளிர் எப்படி என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வின்னிபெக்கை விட்டு வான்கூவர் வந்த பிறகும் குளிரை நினைத்துக் கவலைப்படுகிறாய். இனி அந்தக் கவலை வேண்டாம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

வின்னிபெக் கனடாவின் நடுவில், கடலைவிட்டு வெகு தூரத்தில். வான்கூவர் மேற்குக் கரையில். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான். ஆனால் ஜனவரியில் வின்னிபெக்கின் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 16 டிகிரி. இங்கே பூஜ்யத்துக்கு மேலே 4. அங்கே ராத்திரி காருக்கு மின்சாரம் கொடுத்து எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் கிளம்பும். இங்கே ஜனவரியிலும் புல் பச்சையாக நிற்கிறது.

எல்லாம் பசிபிக் கடல் செய்கிற உபகாரம். நாகூர் கடற்கரையில் மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது, அலையில் இறங்கினால் இதமாக இருக்கும். இருட்டியபின் மணல் ஆறிவிடும், தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மணலைச் சூடாக்குவதைவிட அதே எடைத் தண்ணீரை அதே அளவு சூடாக்க ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். மண்ணில் வெயில் மேலோடு நின்றுவிடுகிறது. கடலில் உள்ளே இறங்குகிறது, அலையும் அதைக் கலக்கிவிடுகிறது. ஆவியாகிற நீரும் ஒரு பங்கு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் கடல் கோடையில் மெதுவாகத்தான் சூடேறும், சேர்த்ததைக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கடலோரமாக இருந்தால் மட்டும் போதாது. கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் எங்களைவிடத் தெற்கே இருந்தும் ஜனவரியில் உறைந்துபோகிறது. இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. எங்களுக்கு அது கடலைத் தாண்டி வருகிறது, அவர்களுக்கு உறைந்த நிலத்தைத் தாண்டி.

அந்தக் கடல்காற்று அடங்கினால் என்ன ஆகும் என்பதை 2021 ஜூன் கடைசியில் பார்த்தார்கள். வெப்பம் தேங்கி, உள்நாட்டில் இருக்கும் லிட்டன் என்ற சிற்றூர் 49.6 டிகிரியைத் தொட்டது. கனடாவில் அதுவரை அப்படியொரு வெயில் பதிவானதில்லை. இந்த மாகாணத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் வயதானவர்கள், வீட்டுக்குள்ளேயே உயிர் விட்டார்கள். குளுமையை நம்பி ஏ.சி. வைக்காத வீடுகள் இங்கே நிறைய. எங்கள் மாடியில் தனியாக இருக்கும் பாட்டியை வெயில் நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

குளிர்காலத்தில் அதே மேற்குக் காற்று மழையைக் கொட்டுகிறது, வாரக்கணக்கில் வெயிலே தெரியாது. அதனால் நீயும் அப்பாவும் ஜூலையில் வாருங்கள். அப்போதும் சாயங்காலம் கடற்கரையில் குளிரடிக்கும், உன் சால்வையை மறக்காமல் எடுத்து வை. அப்பாவின் மருந்துச் சீட்டையும்.

அன்புடன்,
உன் மகள்