விமானிகளுக்குப் போலரைஸ்டு கண்ணாடி பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலக் கண் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. எனினும், வாகன ஓட்டிகள், மீனவர்கள், விமானிகள் ஆகிய அனைவருக்கும், பட்டுத் தெறிக்கும் ஒளியின் கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடியே சிறந்தது என்று அதில் ஒரே வரியில் கூறியிருப்பது விமானிகளைப் பொறுத்தவரை சரியன்று. விமானப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆசையாக வாங்கித் தரும் விலையுயர்ந்த கூலிங் கிளாஸ்களில் பலவும் இந்த வகையாகவே இருப்பதைக் கண்ணாடிக் கடை நடத்துபவன் என்ற முறையில் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன்.

நீர்ப்பரப்பிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால், அதனைப் போலரைஸ்டு லென்ஸ் வடிகட்டிவிடுகிறது. கடலில் இருப்பவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால், இன்றைய விமானி அறையில் வேகம், உயரம், திசை ஆகியவற்றைக் காட்டும் எல்சிடி திரைகளிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வதாகும். ஆகவே இந்தக் கண்ணாடியை அணிந்து தலையைச் சற்றுச் சாய்த்தால் திரை மங்கக்கூடும்; கோணம் அமைந்துவிட்டால் முழுவதும் கருத்தும் போகலாம். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த முன்கண்ணாடியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் வண்ணத் திட்டுகளாகத் தோன்றத் தொடங்கும். இவற்றைவிட அஞ்சத்தக்கது இன்னொன்று உண்டு. தொலைவில் வரும் வேறொரு விமானத்தைப் பல நேரங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது அதன் இறக்கையிலோ கண்ணாடியிலோ பட்டுப் பளிச்சிடும் வெயில்தான். அந்தப் பளிச்சிடலையே லென்ஸ் மறைத்துவிடக்கூடும். அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கென வெளியிட்ட கையேட்டில் போலரைஸ்டு லென்ஸைப் பரிந்துரைக்காததற்கு இவையே காரணம்.

அதே கையேடு, வரும் ஒளியில் சுமார் 15 விழுக்காட்டை உள்ளே விடும் சாம்பல், சாம்பல் கலந்த பச்சை அல்லது பழுப்பு நிற லென்ஸைப் போதுமானதாகக் கொள்கிறது. மேகத்திற்கு மேலே பறக்கும்போது கீழிருந்தும் ஒளி கண்ணைத் தாக்கும். ஆனால் விமானியின் பார்வை அந்த வெளிச்சத்திலிருந்து நிழலில் இருக்கும் கருவிப்பலகைக்கு மீண்டும் மீண்டும் இறங்கியாக வேண்டும். அளவுக்கு மீறிக் கருத்த லென்ஸ் அங்கேதான் இடர் செய்கிறது. வாங்குவோர் ‘நல்லா டார்க்கா’ வேண்டும் என்று கேட்பது வழக்கம். அந்த ஆசைக்கு இணங்கி, கருமை அளவில் மிகக் கூடிய நான்காம் வகை லென்ஸைக் கொடுத்துவிடக் கூடாது. அது கார் ஓட்டுவதற்கே ஏற்றதன்று. சாம்பல் நிறம் மற்ற நிறங்களை மிகக் குறைவாகவே மாற்றிக்காட்டும் என்பதால் எனது தேர்வு அதுவே. மேலே கருத்தும் கீழே வெளிறியும் இருக்கும் லென்ஸும் கருவிகளைப் பார்க்க வசதியானது.

வெயிலில் தானாகக் கருக்கும் போட்டோகுரோமிக் லென்ஸும் இங்கே ஏமாற்றிவிடும். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கருக்கும். அக்கதிரின் பெரும்பகுதியை விமானத்தின் முன்கண்ணாடியே தடுத்துவிடுவதால் லென்ஸ் வேண்டிய அளவுக்குக் கருக்காது. வெளிச்சம் குறையும்போது தெளிவதற்கும் நேரம் பிடிக்கும். முன்கண்ணாடி தடுக்கிறதே என்று புற ஊதாப் பாதுகாப்பை விட்டுவிடவும் முடியாது; புற ஊதாக் கதிரின் ஒரு வகையான யு.வி.-ஏ கதிர்களில் ஒரு பகுதி உள்ளே வரக்கூடும் என்பதால், 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் யு.வி. 400 பாதுகாப்பு லென்ஸில் இருக்க வேண்டும்.

சென்னை, திருச்சி, மதுரை விமான நிலையங்களின் முதன்மை ஓடுதளங்கள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தவை. காலையில் கிழக்கு நோக்கியோ மாலையில் மேற்கு நோக்கியோ இறங்க நேர்ந்தால் சூரியன் நேர் எதிரே நிற்கும். அந்நேரத்தில் எந்தக் கருப்புக் கண்ணாடியும் முழுத் தீர்வாகாது. அது சூரியனையும் ஓடுதளத்தையும் ஒரே விகிதத்தில்தான் மங்கச் செய்கிறது. கீறல் விழுந்த லென்ஸும் தூசி படிந்த முன்கண்ணாடியும் ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தைப் பெருக்குவதால், இரண்டையும் துடைத்து வைப்பதும் வெயில் மறைப்பை இறக்கிக்கொள்வதும் கண்ணாடிக்குச் செலவிடும் பணத்திற்குக் குறையாத பலன் தரும்.

பிரேமைப் பொறுத்தவரை, பக்கக் கம்பிகள் மெல்லியனவாக இருந்தால் போதும். தடித்த கம்பி ஹெட்செட்டின் காது மெத்தையைத் தூக்கிவிடுவதால் எஞ்சின் இரைச்சல் உள்ளே புகும். சற்று நேரத்தில் காதோரமும் வலிக்கும். 1930களில் அமெரிக்க விமானிகளுக்காக உருவான கண்ணீர்த்துளி வடிவ ‘ஏவியேட்டர்’ பிரேம், கீழே கருவிகளைப் பார்க்கும்போதும் கண்ணை முழுவதுமாக மறைத்துக் காக்கிறது என்பதால் இன்றும் பொருத்தமானதே. ஆனால் அந்த வடிவத்தில் போலரைஸ்டு லென்ஸைப் பொருத்தி ‘பைலட் கிளாஸ்’ என்ற பெயரில் விற்பதுதான் குழப்பத்திற்கு வழிசெய்கிறது. வாங்கும் முன் அதனை அணிந்துகொண்டு செல்பேசித் திரையைப் பார்த்து, செல்பேசியைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பினால், ஏதாவதொரு நிலையில் திரை இருண்டாலோ வண்ணம் மாறினாலோ அது போலரைஸ்டு என்று அறியலாம். இந்த விளக்கத்தைத் தாங்கள் வெளியிட்டால், பயிற்சி மாணவர்களுக்கும் அவர்களுக்காகக் கடைக்கு வரும் பெற்றோருக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.